மெதுவான பீரங்கியில் பழகிய கை

என் மகளின் வலது முன்கை இரண்டு இடங்களில் முறிந்து மாவுக்கட்டில் இருந்த ஆறு வாரமும் அவளுக்கு வலது கையாக இருந்தவள் நான். தலை பின்னிவிட்டேன். சோறு பிசைந்து கிண்ணத்தில் வைத்துக் கரண்டி கொடுத்தேன். கட்டு நுழைவதற்காக நான்கு சட்டைகளின் கைத் தையலைப் பிரித்தேன். அதெல்லாம் எந்தத் தாயும் செய்வதுதான். கூடவே அவளுக்காகப் போர்க்கப்பல்களைச் சுட்டேன்.

கணினியில் ஆடும் கடற்சண்டை விளையாட்டு அது. எட்டாம் வகுப்பிலிருந்து ஆடுகிறாள். எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆட்களோடு அணி சேர்ந்து, எங்கோ இருக்கும் வேறு ஆட்களின் கப்பல்களை மூழ்கடிக்க வேண்டும். அதற்காக நான் அவளைத் திட்டாத வாரம் கிடையாது. கட்டுப் போட்ட மூன்றாம் நாள், காலைப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது, இடது கையால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தாள். இடது கை விசைகளில் இருந்தால் கப்பல் நகரும், திரும்பும். குறி பார்ப்பதும் சுடுவதும் வலது கை பிடிக்கும் மவுஸில். அந்தக் கை கழுத்துத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கப்பல் யாரையும் சுட முடியாமல் கடலில் சுற்றிச் சுற்றி வந்து, அடி வாங்கி, மூழ்கியது. மறுபடி ஒரு கப்பலை எடுத்தாள். அதுவும் மூழ்கியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "மவுஸ இங்க குடு," என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"சொல்லிக் குடு. நான் பிசிக்ஸ் படிச்சவ."

"அப்ப சரி. எல்லாரும் ஓடிருவாங்க," என்று சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

விபத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசி. சாணார்பட்டியில் உறவுக்காரர் ஒருவர் வீட்டுப் புதுமனை விழா. என் கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். அன்று காலையில் கிணற்று மோட்டார் கருகிப்போன ஒரு விவசாயி கடை வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டதால் அவரால் வர முடியவில்லை. நானும் மகளும் ஸ்கூட்டரில் போனோம். அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்தாள். பதினெட்டு நிரம்பி, முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

திரும்பி வரும்போது ஊருக்குள் நுழைய நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில் சிக்னல் இல்லை. முதல் பாதியைத் தாண்டி, நடுவில் இருக்கும் இடைவெளியில் நின்று, பிறகு மறு பாதியைத் தாண்ட வேண்டும். அவள் ஓரத்தில் நிறுத்தி வலது பக்கம் பார்த்தாள். இரண்டு கார்களை விட்டாள். பிறகு எடுத்தாள். முதல் பாதியின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது நான் பின்னாலிருந்து "நில்லு" என்றேன். அவள் பிரேக்கைப் பிடித்தாள். வலது பக்கமிருந்து வெங்காய மூட்டை ஏற்றி வந்த சின்ன வேன் எங்கள் முன் சக்கரத்தில் மோதியது.

அவள் வலது கை அடியில் மாட்டும்படி விழுந்தாள். நான் அவள் மேல் விழுந்தேன். எனக்கு முழங்கால் சிராய்ப்பு மட்டும்.

வேனை ஓட்டி வந்தது சேவுகம்பட்டிப் பக்கத்துப் பையன். இறங்கி ஓடி வந்து, மூடியைத் திறக்காமலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "பாப்பா போயிரும்னுதான்க்கா நான் வந்தேன். போயிருக்கும்க்கா. ஏன் நின்னுச்சு?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஏன்க்கா நின்னுச்சு?" என்றான். நான் மகளின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது மகள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். "வேன் வர்ற வேகத்தை நான் தப்பா நெனச்சுட்டேன்." நான் கத்தியது அவள் நினைவில் இல்லை. விழுந்த அதிர்ச்சியில் அந்தச் சில நொடிகள் அவளை விட்டுப் போயிருந்தன. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் வலியில் இருக்கிறாள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்பது ஒரு முறை தள்ளிப்போனால் பிறகு அதற்குக் கால் முளைத்துவிடுகிறது.

சொல்வதற்கு இன்னொரு தடையும் இருந்தது. எதற்காக அந்தச் சொல்லைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வேனைப் பார்த்துத்தான் கத்தினேன் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் வேனைப் பார்க்கவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கணவரின் அக்கா வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவருவார். எலும்பு கூடும் என்று காலை நான்கு மணிக்கே அடுப்பில் ஏற்றிவிடுவாராம். அவ்வளவு அன்பு. அந்த அன்போடு கூடவே பேச்சும் வரும். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, பிள்ளைக்கு வண்டி வேணாம்னு. ரோட்டுல எது எம்புட்டு வேகத்துல வருதுன்னு ஒரு நெதானம் இருக்கணும். எல்லாருக்கும் அது வந்துராது. இவளுக்கு வரல, விடு. குடிடா தங்கம், சூடு ஆறிறப் போகுது."

மகள் சூப்பைக் குடித்தாள். அத்தையின் பேச்சையும் சேர்த்துத்தான் குடித்தாள். பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அப்பாவிடம், "வண்டிய அத்தை மகனுக்குக் குடுத்துரலாம்ப்பா," என்றாள்.

"அப்ப காலேஜுக்கு?" என்றேன் நான்.

"இங்க பக்கத்துல இருக்கிற காலேஜுல பி.காம். சேர்ந்துக்கிறேன். நடந்தே போயிரலாம்."

அவள் சேர நினைத்திருந்தது இயற்பியல். அந்தக் கல்லூரி நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். "பஸ்ல போலாமே," என்றதற்கு, "பஸ்ல போனாலும் அந்த ரோட்ட நான்தான தாண்டணும்," என்றாள். பிறகு வேடிக்கை போல, "ஒரு வேன் வர்ற வேகம் தெரியாதவ பிசிக்ஸ் படிச்சு என்னம்மா செய்யப் போறேன்," என்றாள்.

இந்த நிலையில்தான் நான் பீரங்கிப் பயிற்சியில் இருந்தேன்.

எனக்கென்று அவள் முதலில் எடுத்துக் கொடுத்தது பழைய காலத்துக் கப்பல். கனத்த இரும்பு உடம்பு, எருமை நடை. "இது நல்லா அடி தாங்கும்மா. உனக்கு இதுதான் சரி," என்றாள். அதன் பீரங்கிகள் பெரியவை, ஆனால் குண்டு மெதுவாகக் கிளம்பும். முதல் நாள் எதிரிக் கப்பலின் நடுவில் குறியை வைத்து அமுக்கினேன். குண்டுகள் மேலே ஏறின. ஏறிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்த காபியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தேன், அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தன. வெறும் தண்ணீரில் விழுந்தன. எதிரி வெகுதூரம் போயிருந்தான்.

"அவன் அங்க இல்லம்மா. நீ அமுக்குனப்ப அங்க இருந்தான்."

"அப்ப எங்க சுடணும்?"

"அவன் வரப்போற இடத்துல."

நான் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எறிபொருள் இயக்கம் எனக்குத் தெரியாததல்ல. மேசை விளிம்பிலிருந்து உருளும் கோலி எங்கே விழுகிறது என்று பார்க்க, கீழே மணல் தட்டு வைப்பது வருடாவருடம் நான்தான். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் மணல் தட்டு ஓடாது. வைத்த இடத்தில் கிடக்கும். இங்கே தட்டு ஓடுகிறது, கோணல்மாணலாக ஓடுகிறது, பதிலுக்குச் சுடவும் செய்கிறது.

எல்லாமே ஒன்றை வைத்துத்தான் என்றாள் மகள். மசில் வெலாசிட்டி. பீரங்கிக் குழாயின் வாயை விட்டு வெளியே வரும் கணத்தில் குண்டுக்கு இருக்கும் வேகம். அது குறைவாக இருந்தால் குண்டை மேல்நோக்கித் தூக்கிப் போட வேண்டும். வளைந்து போகும், போய்ச் சேர நேரமாகும். அந்த நேரத்துக்குள் எதிரி எவ்வளவு நகர்வான் என்று கணக்கிட்டு அவ்வளவு முன்னால் போட வேண்டும். அவன் வானத்தில் குண்டைப் பார்த்துத் திரும்பிவிட்டால் உழைப்பெல்லாம் தண்ணீருக்குத்தான். வேகம் அதிகமாக இருந்தால் குண்டு கிட்டத்தட்ட நேராகப் போகும். கொஞ்சம் முன்னால் வைத்தால் போதும், அவன் யோசிப்பதற்குள் போய் இறங்கிவிடும்.

"அப்ப வேகமான பீரங்கிதான நல்லது?"

"அப்படி இல்ல. நேராப் போற குண்டு முன்னாடி ஒரு தீவு இருந்தா அதுல முட்டிக்கும். உன்னோடது தீவுக்கு மேல ஏறிப் போயி அந்தப் பக்கம் இருக்கிறவன் தலையில விழும். அப்புறம், சின்னக் குண்டு வேகமா கிளம்புனாலும் தூரம் போகப்போக காத்து அதைத் தின்னுரும். கனமான குண்டு அம்புட்டு சீக்கிரம் தளராது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம்மா. உன் கையில இருக்கிறது எதுன்னு தெரிஞ்சு சுடணும்."

இரண்டாவது வாரத்தில் எனக்குக் கை படிந்தது. குறிக்குப் பக்கத்தில் குண்டு போய்ச் சேர எத்தனை வினாடி என்று ஓர் எண் காட்டும். முதலில் அதைப் பார்த்துப் பார்த்துச் சுட்டேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். எதிரி போகும் போக்கைப் பார்த்ததும் கை தானாக இரண்டு கப்பல் நீளம் முன்னால் போய் நின்றது. ஒரு நாள் தீவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒருவன் நகரப்போவதை யூகித்து, வெறும் கடலை நோக்கி எல்லாக் குழாய்களையும் திறந்தேன். குண்டுகள் மலையைத் தாண்டி இறங்கும் நேரமும் அவன் மூக்கை நீட்டிய நேரமும் ஒன்றாக அமைந்தன. மகள் "அம்மா" என்றாள், மெதுவாக. பிறகு ஒற்றைக் கையால் அணிக்காரர்களுக்கு, சுட்டது என் தாயார் என்று தட்டச்சு செய்தாள். அவர்களில் ஒருவன் நம்பவில்லை. இன்னொருவன், உன் தாயார் நாளைக்கும் வருவார்களா என்று கேட்டான்.

அவள் கப்பலை ஓட்டுவதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். எதிரியின் பீரங்கியில் மின்னல் தெரிந்ததும் அவள் உடனே திரும்பமாட்டாள். "இப்ப திருப்புனா அவன் மறுபடி குறி மாத்திருவான். செத்த பொறு... செத்த பொறு... இப்ப," என்று விசையைத் தட்டுவாள். எருமைக் கப்பல் சோம்பலாக மூக்கைத் திருப்பும். குண்டுகள் பக்கத்தில் வரிசையாக விழுந்து தண்ணீரை மரம் மரமாக எழுப்பும். எந்தப் பீரங்கிக்கு எத்தனை வினாடி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இந்தப் பிள்ளைக்கா ஒரு வேன் வரும் வேகம் தெரியாமல் போனது என்று ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒன்று இடறும். இடறியதும் மனதை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக மோட்டார் இரைச்சலுக்குள் வேலை செய்கிறவர். காது கேட்காது என்பதில்லை. ஒரு சொல் அவரிடம் போய்ச் சேர நேரமாகும். "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போன பிறகுதான் கூடத்திலிருந்து "ம்" என்று வரும். கல்யாணமான புதிதில் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது. சோறு வடிப்பதற்கு முன்னாலேயே சாப்பிடக் கூப்பிடுவேன். அவர் கேட்டு, எழுந்து, கை கழுவி வருவதற்கும் நான் வடித்து எடுப்பதற்கும் சரியாக இருக்கும். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எந்த அடுப்பு எவ்வளவு எரியும் என்று தெரிந்து வைத்திருப்பது மாதிரிதான்.

வண்டியிலும் அப்படித்தான். எங்கள் ஊரில் பைக்கின் பின்னால் உட்காரும் மனைவி சும்மா வருகிறவள் இல்லை. திரும்புவதற்குக் கை காட்டுவது அவள். பின்னால் திரும்பிப் பார்ப்பது அவள். "வரல, போங்க," "லாரி வருது, நில்லுங்க," என்று சொல்லிக்கொண்டே வருவது அவள். எங்கள் வண்டியைப் பாதி நான்தான் ஓட்டினேன் என்றால் அவரும் ஒத்துக்கொள்வார்.

ஐந்தாவது வாரத்தில் மகள், "இனி உனக்கு வேற கப்பல் தாரேன். இத ஓட்டி ஓட்டி எனக்குத் தூக்கம் வருது," என்றாள். சின்ன, வேகமான கப்பல். மெல்லிய பீரங்கிகள். குண்டு கிளம்பினால் கோடு போட்டது போலப் போகும். ஒரு எதிரி குறுக்கே போனான். என் கை வழக்கம்போல இரண்டு கப்பல் நீளம் முன்னால் போய் நின்றது. அமுக்கினேன். அவன் மூக்குக்கு வெகுதூரம் முன்னால் தண்ணீர் எழுந்தது. மறுபடி சுட்டேன். மறுபடியும் முன்னால். அடுத்ததும் முன்னால்.

"ரொம்ப முன்னாடி போடுறம்மா."

"சரியாத்தான வைக்கிறேன்."

"பழைய கப்பலுக்குத்தான் அது சரி. இது நீ அமுக்குனவுடனே போயி நிக்கும். இது அப்பா இல்லம்மா, சொன்னவுடனே கேக்கும்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் காதில் 'அப்பா' என்ற சொல் மட்டும் விழுந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, "ம்? என்னையவா?" என்றார். மகள் வயிறு குலுங்கச் சிரித்தாள். கட்டுப் போட்ட கை ஆடி வலித்ததால் சிரித்துக்கொண்டே முனகினாள்.

என் விரல் மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

விபத்து நடந்த அந்தக் கணம் அப்படியே கண்முன் வந்து நின்றது. மகள் முதல் பாதியைக் கடக்கிறாள். வலது பக்கம் அவள் பார்த்துக்கொள்வாள் என்று நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என் கண் அதற்குள் மறு பாதிக்குப் போய்விட்டது. அங்கே இடது பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நடுவில் போய் நின்று அந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதற்காகத்தான் "நில்லு" என்றேன். என் கணவருக்குச் சொல்லும் இடத்திலிருந்தே சொன்னேன். பாதி வழியில் "நில்லுங்க" என்றால் அவர் காதில் விழுந்து, யோசித்து, பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டி சரியாக நடு இடைவெளியில் இருக்கும். இருபத்தோரு வருடம் அந்தச் சொல்லை அவ்வளவு முன்னால் போட்டுப் பழகியவள் நான். மகள் சொன்னவுடனே கேட்கிற பிள்ளை. நடு ரோட்டில் நின்றாள்.

"ம்மா, சுடு. ம்மா." எங்கள் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அன்றும் நான் சொல்லவில்லை. காரணம் தெரியாதவரை சொல்லாததற்கு ஒரு சாக்கு இருந்தது. தெரிந்த பிறகும் நான்கு நாள் சும்மா இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. என் பிள்ளை என்னை வேறு மாதிரிப் பார்ப்பாளே என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தை மகன் வந்து வண்டியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. பட்டறையில் கொடுத்து முன்பக்கத்தைச் சரிசெய்து வைத்திருந்தோம். சனிக்கிழமை மகள் ஒரு பழைய துணியை நனைத்து இடது கையால் வண்டியைத் துடைத்தாள். பிறகு சீட்டைத் தூக்கி உள்ளே இருந்த அவளுடைய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மழைக் கோட்டு, ஹெல்மெட்டுக்குள் தலையில் கட்டும் துணி, லைசென்ஸின் நகல். நகலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். "நான் ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வையி," என்றார் அவர். பொரியலை எடுத்து வைத்தேன்.

மகளைப் பார்த்துச் சொன்னேன். "அன்னைக்கு ரோட்டுல நான் நில்லுன்னு சொன்னேன்."

"எப்ப?"

"பாதி ரோட்டுல போறப்ப. அந்தப் பக்கம் ஒரு பஸ் வந்துச்சு. நடுவுல போயி நில்லுன்னு சொல்ல வந்தேன். அப்பாகிட்ட அங்கன இருந்தே சொல்லிப் பழக்கம். அவரு சரியா நடுவுல போயி நிப்பாரு. நீ சொன்னவுடனே பிடிச்சுட்ட."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "வேன நீ பாத்தியா?"

"இல்ல."

"நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுத்தேன். அது வர்றதுக்குள்ள நடுவுக்குப் போயிரலாம்னு தெரியும். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, பாத்தேனா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

நான் ரசப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஆறு வாரம்மா. அத்தை பேசுனப்பெல்லாம் நீ அங்கனதான உக்காந்திருந்த?"

"உக்காந்திருந்தேன்."

"சூப்ப ஆத்திக் குடுத்துக்கிட்டு."

"ஆமா."

எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

அவர் ரசம் சோற்றை முடித்தார். மோர் ஊற்றிச் சாப்பிட்டார். என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கை கழுவி, துடைத்து, கூடத்தில் போய் உட்கார்ந்து, போனை எடுத்தார். "யக்கா, பையன வரச் சொல்லாத. வண்டி இங்கனயே இருக்கட்டும்," என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "பிள்ளை மேல தப்பு இல்லக்கா. சரியாத்தான் ஓட்டியிருக்கு. நேர்ல வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் நிக்கிறதுக்கு அம்புட்டு நேரம் ஆகுமா?"

"ஆகும்ங்க."

ரொம்ப நேரம் கழித்து, நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்படி வாசலில் வந்து நின்று, "எனக்கு அது தெரியாது," என்றார்.

இரண்டு நாள் மகள் என்னோடு பேசவில்லை. தலையை அவளே ஒற்றைக் கையால் கோதி, ரப்பரில் சுருட்டிக்கொண்டாள். அறையிலிருந்து விசைகளின் சத்தம் மட்டும் வரும். யாரையும் சுடாமல் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். அந்த நாள்களில் நான் வேன் ஓட்டிய பையனுக்குப் போன் செய்தேன். அவன் இரண்டு முறை கூப்பிட்டுப் பாப்பா எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தான். "தப்பு உங்க மேல இல்ல தம்பி. என் மக மேலயும் இல்ல. நான்தான் பின்னாடியிருந்து நில்லுன்னேன்," என்றேன். அவன், "எங்க வீட்டுலயும் அப்படித்தான்க்கா, பின்னாடி உக்காந்து கத்திக்கிட்டே வரும்," என்றான். "அந்த எடத்துக்கு வந்தா இப்பவும் கால் தானா பிரேக்குக்குப் போயிருதுக்கா," என்றும் சொன்னான். எனக்கும் அப்படித்தான், வீட்டுக்குள் இருக்கும்போதே தெருவில் ஹாரன் கேட்டால் கை எதையாவது பிடித்துக்கொள்கிறது என்று அவனிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காபி கொண்டுபோனபோது மகள் திரும்பிப் பார்க்காமல் மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

"பழைய கப்பலா?" என்றேன்.

"புதுசு. பழகணும்ல?"

கட்டுப் பிரித்த கை வாழைத்தண்டு போல வெளுத்து, மெலிந்து இருந்தது. பந்தை அமுக்கும் பயிற்சி, கம்பை முறுக்கும் பயிற்சி என்று சில வாரங்கள் போயின. அவள் இயற்பியலுக்கே விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. ஆரம்பத்தில் அவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பிறகு ஸ்கூட்டரில் தனியாகப் போக ஆரம்பித்தாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பும்வரை ஆய்வகத்தில் நான் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்ததில்லை. ஒருநாள் பையன்களுக்கு மணல் தட்டை வைக்காமலேயே கோலியை உருட்டச் சொல்லிவிட்டேன். அது தரையில் ஓடி பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

போன மாதம் சாணார்பட்டிக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. நான் பஸ்ஸில் போகலாம் என்றேன். "ஏறும்மா," என்றாள். போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அதே இடத்தில் ஓரமாக நிறுத்தினாள்.

"ம்மா, இங்க பாரு. போன்னும் சொல்லாத, நில்லுன்னும் சொல்லாத. நான் கேட்டா என்ன வருதுன்னு மட்டும் சொல்லு. போறதா நிக்கிறதான்னு நான் பாத்துக்கிறேன்."

"சரி."

அவள் வலது பக்கம் பார்த்தாள். ஒரு காரை விட்டாள். ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. எனக்கு அது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது. அவள் எடுத்தாள். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நடு இடைவெளிக்குப் போய் நின்ற பிறகும் லாரி எங்களைத் தாண்ட நேரம் எடுத்தது.

"இடதுல என்ன வருது?"

"ஒரு பஸ்ஸு. அதுக்குப் பின்னாடி டிராக்டரு."

"டிராக்டரு எங்க இருக்கு?"

"அந்தப் புளியமரத்துக்கிட்ட."

பஸ் போனது. அதன் காற்று எங்கள் முகத்தில் அடித்தது. டிராக்டர் இன்னும் புளியமரத்தைத் தாண்டவில்லை. அவள் அவசரமில்லாமல் கடந்து, ஊர்ச் சாலையில் இறங்கி, கொஞ்ச தூரம் ஓட்டினாள்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"நீதான சொல்லாதன்ன."

"நில்லுன்னு வாய் வரைக்கும் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"எத்தன தடவை?"

"மூணு," என்றேன். அவள் சிரித்தாள். பிறகு யோசித்துப் பார்த்து, "இல்ல, நாலு," என்று திருத்தினேன்.